பிறந்த மண்ணும் பிரசாவுரிமையும்

1964ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 20ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஓக்லாந்து நகரில் ஒரு பெண்மகவு பிறந்தது. தாயார் சியாமளா கோபாலன், சோழநாட்டுத் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தில் தோன்றி, 1958இல் உயர்கல்வி நாடிக் கலிபோர்னியா சென்றவர். தந்தையார் டொனால்ட் ஹரிஸ், 1961இல் யமேக்காத் தீவிலிருந்து அதே நோக்கத்துடன் அங்கு வந்தவர். அன்றைய நிலையில் இருவரும் அமெரிக்கப் பிரசைகள் அல்லர். ஆயினும் அம்மகவு பிறந்த கணத்திலேயே அமெரிக்கப் பிரசையாயிற்று. அதற்காக எவரும் விண்ணப்பம் எழுதவில்லை. தந்தையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எவரும் கேட்கவில்லை. அம்மகவே 2021இல் அந்நாட்டின் உப சனாதிபதியாகப் பதவியேற்று, 2024இல் சனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டுத் தோல்வியுற்ற கமலா ஹரிஸ் என்பதை யாவரும் அறிவர்.

அதற்குச் சரியாகப் பத்து நாட்களின் பின், ஒக்ரோபர் 30ஆம் நாள், புதுடில்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். அவ்வுடன்படிக்கையின்படி இலங்கையில் நாடற்றவராய் இருந்த 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் எனப் பிற்போடப்பட்டது. அந்த வாரத்தில் நானுஓயாவைச் சூழ்ந்த தோட்டமொன்றின் லயத்தில் ஒரு தமிழ்க் குழந்தை பிறந்திருக்குமாயின், அது எந்த நாட்டுக்கு உரியது? அக்குழந்தையின் தந்தையும் இந்த மலைகளிலேயே பிறந்திருக்கக்கூடும். எனினும் அக்குழந்தை மேற்கூறிய கணக்கின் ஓர் இலக்கமாகவே எண்ணப்பட்டது.

அமெரிக்க அரசியலைப் பற்றி நம்மவர் உரையாடும்போது போர்களும் ஏவுகணைகளும் தீர்வை வீதங்களுமே பெரிதும் பேசப்படுகின்றன. அந்நாட்டில் அண்மைக் காலத்தில் எழுந்துள்ள உள்நாட்டு வழக்கொன்றோ, நம் மலைநாட்டு மக்கள் வேறெவரினும் நன்கு விளங்கிக்கொள்ளத் தக்கது. யார் பிரசை என்பதே அவ்வழக்கு.

பிரசாவுரிமையை அளிக்கும் வழிகள் உலகில் பெரும்பாலும் இரண்டு. பிறந்த மண்ணைக் கொண்டு அளிப்பது ஒன்று. பெற்றோரின் குருதியைக் கொண்டு அளிப்பது மற்றொன்று. முன்னதை மண்வழி உரிமை எனவும் பின்னதைக் குருதிவழி உரிமை எனவும் ஈண்டு வழங்குவோம். ஆங்கிலேயரின் பழைய பொதுச் சட்டம் மண்வழியைப் பின்பற்றியது. மன்னரின் ஆட்சிக்குட்பட்ட மண்ணில் பிறந்தவன் மன்னரின் குடிமகன் என்பதே அதன் கொள்கை. இலங்கை பிரித்தானிய ஆட்சியில் இருந்த காலத்தில் தோட்டத்தில் பிறந்த தமிழனும் அச்சட்டப்படி பிரித்தானியக் குடிமகனே. அமெரிக்கரும் அக்கொள்கையையே ஆங்கிலேயரிடமிருந்து பெற்றனர். ஆயினும் அடிமைகள் விடயத்தில் அதனை மறந்தனர். 1857இல் அமெரிக்க உச்ச நீதிமன்று, டிரெட் ஸ்கொட் என்னும் அடிமையின் வழக்கில், ஆபிரிக்க வழிவந்தோர் அந்நாட்டின் பிரசைகளாதல் இயலாது எனத் தீர்த்தது. இத்தீர்ப்பைத் துடைத்தெறிய ஓர் உள்நாட்டுப் போரும், 1868ஆம் ஆண்டு யூலை மாதம் நிறைவேறிய பதினான்காவது அரசியலமைப்புத் திருத்தமும் தேவைப்பட்டன. அமெரிக்காவில் பிறந்து அதன் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்ட யாவரும் அதன் பிரசைகள் என்பது அத்திருத்தத்தின் முதல் வாசகத்தின் பொருள். விடுதலை பெற்ற அடிமைகளுக்காக இயற்றப்பட்ட வாசகம் இது. ஆனால் அடிமை என்ற சொல்லோ நிறம் என்ற சொல்லோ அதில் இல்லை. ஆகையால் அவ்வாசகத்தின் நிழலில் பிறரும் ஒதுங்க முடிந்தது.

அவ்வாறு ஒதுங்கியவருள் ஒருவர் ஒரு சமையற்காரர். பெயர் வொங் கிம் ஆர்க். சான்பிரான்சிஸ்கோ நகரில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1882இல் சீனர் வருகையைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியிருந்தது. சீனர் எவரும் அந்நாட்டுப் பிரசையாக விண்ணப்பிக்கவும் வழியில்லை. உறவினரைக் காணச் சீனா சென்ற வொங் 1895இல் திரும்பி வந்தபோது, அவர் பிரசையல்லர் எனக் கூறித் துறைமுக அதிகாரிகள் அவரைத் தரையிறங்க விடவில்லை. பல மாதங்கள் கப்பலிலேயே அவர் தடுத்து வைக்கப்பட்டார். 1898ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உச்ச நீதிமன்று ஆறு நீதியரசர்க்கு இருவர் என்ற அளவில் தீர்ப்பளித்தது. பெற்றோர் பிரசைகளாக முடியாதவராயினும், அந்நாட்டு மண்ணில் பிறந்த மகன் பிரசையே என்பது அத்தீர்ப்பு. இற்றைக்கு நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அமெரிக்கப் பிரசாவுரிமைக்கு அடிநிலையாய் நிற்பது இதுவே.

இது கொண்டு அமெரிக்காவை நீதியின் இருப்பிடமாகக் கருதிவிடுதல் பேதைமை. அம்மண்ணின் ஆதிக் குடிகளான செவ்விந்தியர் அனைவரும் 1924 வரை பிரசைகளாக ஏற்கப்படவில்லை. 1923இல் பகத் சிங் திந்த் என்னும் பஞ்சாபியர், முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணிபுரிந்தவராயினும், வெள்ளையர் அல்லர் என்ற காரணத்தால் பிரசையாகத் தகுதியற்றவர் என உச்ச நீதிமன்று கூறிற்று. அதன் விளைவாக ஏலவே பிரசையாகியிருந்த இந்தியர் பலர் அவ்வுரிமையை இழந்தனர். 1942இல் மேற்குக் கரையிலிருந்த சப்பானிய வமிசத்தினர் ஏறக்குறைய 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையோர் அமெரிக்காவிலே பிறந்த பிரசைகள். தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் பெயரளவில் பிரசைகளாயிருந்தும், 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை வாக்குச் சாவடியை அணுக முடியாதிருந்தனர். ஆகவே பிரசாவுரிமை எல்லா நலனையும் தந்துவிடும் என்பதில்லை. அஃது இல்லாவிடத்து வேறெதனையும் கேட்பதற்கு ஒருவனுக்கு நிற்க நிலம் இல்லை என்பதே உண்மை.

இனி நம் மலைநாட்டை நோக்குவாம். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் எனக் கணிக்கப்பட்டோர் ஏறக்குறைய 7,80,000 பேர். நாட்டின் மக்கட்டொகையில் நூற்றுக்கு 11.7 வீதத்தினர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையும் தெரிவானது அத்தேர்தலிலேயே. மறு ஆண்டு சுதந்திரம் வந்தது. சுதந்திரம் வந்த ஆண்டு முடியுமுன்னரே, 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் வந்தது.

அச்சட்டம் மண்வழியைக் கைவிட்டுக் குருதிவழியைக் கொண்டது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. ஒருவனின் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும் என விதித்தது. அச்சட்டத்தின் பின் பிறப்போர்க்கோ தந்தை பிரசையாய் இருத்தல் வேண்டும். தாயின் வழி கணக்கில் எடுக்கப்படவில்லை. கணவனைப் பெற்ற தாயின் பிரசாவுரிமையும் பிள்ளைக்குச் சேரும் என்ற நிலை 2003இலேதான் உண்டாயிற்று. இவ்விதி எல்லாச் சமூகத்தினர்க்கும் பொதுவாகவே எழுதப்பட்டது. பாட்டன் பூட்டனின் பிறப்புப் பத்திரம் கிராமத்துச் சிங்களக் குடியானவரிடமும் இல்லை. யாழ்ப்பாணத்து விவசாயியிடமும் இல்லை. ஆனால் அவர்களிடம் அதனை எவரும் கேட்கவில்லை. பொதுவான சட்டம் ஒரு சாராரை மட்டும் வருத்துவது, அது கேட்கும் பத்திரம் யாரிடம் கேட்கப்படுகின்றது என்பதிலேயே அமைகின்றது.

அடுத்த ஆண்டு வந்த 3ஆம் இலக்கச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது போலத் தோற்றியது. 1946 சனவரி முதலாந் தேதிக்கு முன், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது இலங்கையில் வசித்ததைக் காட்டினால் பிரசையாகப் பதியலாம் என்றது. தோட்டத் தொழிலாளியோ கொழுந்து நிறுப்பவனின் கணக்கில் ஒரு பேராகவும், செக்ரோலில் ஓர் இலக்கமாகவும் வாழ்ந்தவன். இடையில் ஒருமுறை ஊர்ப் பயணம் போய் வந்ததும் குற்றமாயிற்று. 1951 ஆகஸ்டுடன் முடிந்த கால எல்லைக்குள் ஏறக்குறைய 8,24,000 பேரை உள்ளடக்கிய 2,37,000 விண்ணப்பங்கள் சேர்ந்தன. அவற்றை ஆராயப் பத்தாண்டுக்கு மேல் சென்றது. முடிவில் ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. அதற்கிடையில் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் பிரசையல்லாதாரின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. 1947இல் எழுவரை அனுப்பிய சமூகத்திலிருந்து 1952 தேர்தலில் ஒருவரும் தெரிவாகவில்லை. இத்தொடர்பிலே தமிழ்த் தலைவர்களிடையும் பிளவு நேர்ந்து, 1949 திசம்பரில் செல்வநாயகம் தனிக்கட்சி அமைத்ததை மாணவர் வரலாற்றுப் பாடத்தில் பயின்றிருப்பர்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் கூறாதுவிடின் நியாயமாகாது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால் கண்டிச் சிங்களக் குடியானவர் தம் மேட்டு நிலங்களையும் காடுகளையும் இழந்தனர் என்பது மெய். அந்நிலத்தில் எழுந்த தோட்டங்களில் வேற்று நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வாக்குகளால் தம் தொகுதிகளும் கைவிட்டுப் போகும் என்று அவர் அஞ்சினர். அவ்வச்சத்தைப் பொய்யென்று தள்ளிவிட இயலாது. ஆனால் நிலத்தைக் கவர்ந்தது முடி. விற்று வாங்கியது தோட்டத் துரைமார். கடனை அடைக்க நேர்ந்ததோ, பெரட்டுக் களத்தில் மழையில் நின்ற கூலியாளுக்கு.

வழக்கு மன்றமும் ஏறப்பட்டது. சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29ஆம் பிரிவு, எந்தச் சமூகத்துக்கும் பிறர்க்கில்லாத இடையூற்றை விளைக்கும் சட்டத்தை இயற்றப் பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது. அதனைச் சுட்டி, கோடாகன் பிள்ளை என்பவரின் வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. யார் பிரசை என வரையறுப்பது ஒரு நாட்டுச் சட்டமன்றத்தின் இயல்பான கடமை எனக் கூறி, 1953இல் கோமறைக் கழகம் வழக்கைத் தள்ளியது.

வொங் கிம் ஆர்க் வென்றார். கோடாகன் பிள்ளை தோற்றார். ஏன்? அமெரிக்க நீதிபதிகள் நல்லவர், இலண்டன் நீதிபதிகள் தீயவர் என்று கூறுவது எளிது. ஆயினும் அது விடையாகாது. வொங்கின் கையில் அரசியலமைப்பின் ஒரு வாசகம் இருந்தது. அஃது இன்னார் பிரசை என்று நேரே மொழிந்தது. கோடாகன் பிள்ளையின் கையில் இருந்ததோ பாரபட்சம் காட்டலாகாது என்னும் பொதுவான தடை மட்டுமே. சோல்பரி அரசியற்றிட்டம், பிரசை யார் என்பதை வகுத்துரையாது, நாளைய பாராளுமன்றத்தின் பெரும்பான்மைக்கு விட்டுவிட்டது. சமூகங்களுக்கிடையே பாரபட்சம் கூடாது என்று காவல் வைத்தவர், சமூகத்தையே வாயிற்படிக்கு வெளியே நிறுத்திவிடலாம் என்பதை எண்ணவில்லை போலும்.

வெளியே நிறுத்தப்பட்டவரை இந்தியாவும் உடன் அழைத்துக்கொள்ளவில்லை. இலங்கையில் பல தலைமுறையாய் வாழ்வோர் இலங்கையின் பொறுப்பே என்பது நேருவின் நிலைப்பாடு. தம் பிரசைகள் அல்லாதார் இந்தியரே என்பது இலங்கை அரசின் நிலைப்பாடு. 1954இல் நேருவும் சேர் ஜோன் கொத்தலாவலையும் செய்த ஒப்பந்தம் இம்முடிச்சை அவிழ்க்கவில்லை. சாஸ்திரியின் காலத்தில் அது தலைக்கணக்காய்ப் பிரிக்கப்பட்டு, 1974இல் எஞ்சிய 1,50,000 பேரும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிடப்பட்டனர். இவ்வுடன்படிக்கைகளில் கையெழுத்திட்டோர் இரு அரசினர். பங்கிடப்பட்ட மக்களின் பிரதிநிதி எவரும் அவற்றில் ஒரு தரப்பாக இருக்கவில்லை.

1885இல் இருப்புப்பாதை நானுஓயாவை எட்டியபோது அதன் நோக்கம் தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைக்கு இறக்குவதே. எழுபதுகளில் அதே பாதை வேறொரு சுமையை இறக்கிற்று. தாயகம் திரும்புவோர் எனக் கடதாசியில் எழுதப்பட்டோர், தாம் ஒருநாளும் கண்டிராத தாயகத்துக்குப் போகப் புகைவண்டி ஏறினர். பொல்காவலை, அநுராதபுரம், மதவாச்சி கடந்து தலைமன்னார் இறங்கி, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் போயினர். ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரசாவுரிமையும் கிடைத்த குடும்பங்கள் பல. மேடையில் நின்றோரும் பெட்டிக்குள் இருந்தோரும் கட்டிக்கொண்டு அழுததால், அந்த வண்டிக்கு மலைநாட்டார் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. நம் பாட நூல்கள் இப்பெயரைச் சொல்வதில்லை. எம் வயதினர் வீட்டுப் பெரியோர் வாயிலாகவே அதனைக் கேட்டறிந்தோம். 1984இல் போர்ச் சூழலால் கப்பற் சேவை நின்றது. போக வேண்டியவராய்க் குறிக்கப்பட்டும் போகாத பலர் இடையில் நின்றனர்.

1977இல் தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியிலிருந்து மீண்டும் பாராளுமன்றம் புகுந்தார். 1978இன் அரசியலமைப்பு, வம்சாவழியால் பிரசையானோர்க்கும் பதிவால் பிரசையானோர்க்கும் இடையே வேறுபாடு காட்டலாகாது என்றது. 1986, 1988ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோரின் தொகையைக் குறைத்தன. 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்ரோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வசித்த இந்திய வம்சாவழியினரையும் அவர் வழித்தோன்றல்களையும் பிரசைகளாக ஏற்றது. அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஆணையகத்தின் துணையுடன் நடந்த இயக்கத்தில் பத்தே நாட்களில் ஏறக்குறைய 1,90,000 பேர் பிரசாவுரிமை பெற்றனர். பாராளுமன்றம் அச்சட்டத்தை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1948இல் அச்சத்தால் செய்ததை 2003இல் அமைதியாகச் செய்துகொள்ள முடிந்ததாயின், இடையில் கழிந்த ஐம்பத்தைந்து ஆண்டுகள் யாருக்கு என்ன பயன் தந்தன?

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். 1965இல் இயற்றப்பட்ட குடிவரவுச் சட்டம் ஆசிய நாட்டார்க்கு வாயில் திறந்த பின், தமிழ்நாட்டினின்றும் யாழ்ப்பாணத்தினின்றும் கற்றோர் பலர் அந்நாட்டுக்குச் சென்றனர். நம் பழைய மாணவரின் மக்களுள் அங்கே பிறந்து பிரசையானோர் எத்தனையோ பேர். அதே காலத்தில், அனுமதியின்றி எல்லை கடந்து வந்தோரின் தொகையும் பெருகியது. அவர்தம் பிள்ளைகளுக்கு மண்வழி உரிமை எதற்கு என்ற கேள்வியை ஒரு சாரார் எழுப்பினர். சட்ட அதிகாரத்துக்கு உட்பட்ட என்னும் தொடருக்குக் குறுகிய பொருள் கொள்ள முயன்றனர். 2020 ஆகஸ்டில் ஜோன் ஈஸ்ட்மன் என்னும் சட்டப் பேராசிரியர் இவ்வாதத்தைக் கொண்டு கமலா ஹரிஸின் பிரசாவுரிமையையே ஐயுற்று எழுதினார். அதனை வெளியிட்ட சஞ்சிகை பின்னர் வருத்தம் தெரிவித்தது. வேடிக்கை யாதெனின், 2023இல் சனாதிபதி வேட்பாளராக முயன்ற விவேக் இராமசாமி, பாலக்காட்டுத் தமிழ்க் குடியேறிகளின் மகனாய் ஒகையோ மாநிலத்தில் பிறந்தவர், அனுமதியின்றி வந்தோர் பிள்ளைகளுக்கு இவ்வுரிமை கூடாது என்று மேடையில் வாதாடினார். வாயிலைக் கடந்தவரே அதனை அடைக்க முந்துவது உலகில் புதிதன்று.

2025ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள், பதவியேற்ற அன்றே, சனாதிபதி டொனால்ட் டிரம்ப் ஒரு நிறைவேற்றுக் கட்டளை பிறப்பித்தார். தாய் அனுமதியின்றி வசிப்பவராகவோ, தற்காலிக அனுமதியில் வசிப்பவராகவோ இருந்து, தந்தையும் பிரசையோ நிரந்தர வசிப்பாளரோ அல்லாதவிடத்து, முப்பது நாட்களின் பின் பிறக்கும் பிள்ளை பிரசையாகக் கொள்ளப்படமாட்டாது என்பது அதன் சாரம். தற்காலிக அனுமதி என்னும் அச்சொல்லுக்குள் தொழில் அனுமதியில் வசிக்கும் சென்னை, கோயம்புத்தூர்ப் பொறியியலாளரும் அடங்குவர். மாணவராய்ச் சென்ற சியாமளா கோபாலனைப் போன்றோரும் அடங்குவர். இக்கட்டளை 1964இல் இருந்திருப்பின் ஓக்லாந்தில் பிறந்த மகவின் வரலாறு வேறாகியிருக்கும்.

மூன்றே நாளில் சியாட்டில் நகர நீதிபதி கோகனூர், குடியரசுக் கட்சிச் சனாதிபதி ரீகனால் நியமிக்கப்பட்டவர், இக்கட்டளை அரசியலமைப்புக்கு வெளிப்படையாகவே முரணானது எனக் கூறித் தடுத்தார். யூன் 27ஆம் நாள் உச்ச நீதிமன்று, கீழ் நீதிமன்றுகள் நாடு முழுமைக்கும் தடை விதிக்கும் அதிகாரத்தைச் சுருக்கியது. மூல வினாவை அது அப்போது தொடவில்லை. யூலை மாதம் நியூ ஹாம்ப்சயர் மாநில நீதிபதி லாபிளான்ற், பாதிக்கப்படும் குழந்தைகள் யாவரையும் ஒரே வகுப்பினராகக் கொண்டு மீண்டும் தடுத்தார். திசம்பர் 5ஆம் நாள் மூல வினாவையே விசாரிக்க உச்ச நீதிமன்று இசைந்தது.

இவ்விடத்தில் நம் கதையோடு ஒப்பிடும்போது ஒரு வேற்றுமை தெளிவாகும். ஓர் ஆட்சியாளரின் விருப்பம், அதுவும் தேர்தலில் வென்ற வலிமையோடு கூடியது, 1868இன் ஒரு வாசகத்தின் முன் நின்று வாதாட வேண்டியதாயிற்று. 1948இல் கொழும்பிலோ அத்தகைய வாசகம் எதுவும் குறுக்கே நிற்கவில்லை. சாதாரணப் பெரும்பான்மை போதுமானதாயிற்று. இன்னும் நம் அரசியலமைப்பு பிரசை யார் என்பதைத் தான் வகுக்காது, சட்டத்துக்கே விட்டு வைத்துள்ளது. 2003இல் கிடைத்த உரிமையும் ஒரு சட்டத்தால் கிடைத்ததே என்பதை அரசியல் பயிலும் மாணவர் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இந்தியாவும் முன்னர் மண்வழியையே பின்பற்றியது. 1950 சனவரி 26 முதல் 1987 யூலை முதலாம் நாளுக்கு முன் வரை அந்நாட்டு மண்ணில் பிறந்தோர், பெற்றோர் யாராயினும், பிரசைகளே. அதன் பின் விதி இறுகிற்று. எண்பதுகளின் கலவரங்களுக்கு அஞ்சிப் படகேறித் தமிழ்நாட்டு முகாம்களை அடைந்த மலைநாட்டார் பலர், சாஸ்திரி உடன்படிக்கையின்படி இந்தியர் ஆகவேண்டியவராய் இருந்தும், முறையான பத்திரமின்றி வந்தமையால் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்பட்டனர். 2019 யூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவழியினரான இவர்களின் விண்ணப்பங்களை மத்திய அரசு மீண்டும் கருதவேண்டும் எனக் கட்டளையிட்டது. அதே ஆண்டு திசம்பரில் இயற்றப்பட்ட குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலோ இலங்கையிலிருந்து சென்றோர் சேர்க்கப்படவில்லை.

திருச்சிராப்பள்ளிக் கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண், தாம் 1986இல் மண்டபத்தில் பிறந்தமைக்கான அத்தாட்சிப் பத்திரத்தை வைத்திருந்தார். கடவுச்சீட்டுக் கேட்டு விண்ணப்பித்தபோது, முகாமைச் சேர்ந்தவர் என மறுக்கப்பட்டார். 1987 யூலைக்கு முன் பிறந்தமையால் அவர் பிறப்பாலேயே இந்தியப் பிரசை எனவும், கடவுச்சீட்டு வழங்குக எனவும் 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் ஆணையிட்டது. 2024 ஏப்பிரல் 19ஆம் நாள் அவர் முதன்முறையாக வாக்களித்தார். அம்முகாமில் 1987 யூலைக்குப் பின் பிறந்தோர்க்கு அந்த வாயில் இல்லை.